சுஹைல் வந்தா சூடு குறையும்னு சொன்னா ஈமான் போயிடுமா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் சார். நான் ராமநாதபுரம் பக்கம், இப்ப ஓமான்ல நிஸ்வாவுல ஒரு மளிகைக் கடையில வேலை பாக்குறேன். பக்கத்துல பேரீச்சந்தோட்டம் வச்சிருக்குற ஒரு ஓமானி பெரியவர் தினமும் கடைக்கு வருவார், "சுஹைல் வரட்டும், சூடு இறங்கிடும்"னு சொல்லிட்டே இருப்பார், சுஹைல்ங்கிறது ஒரு நட்சத்திரமாம், துரையா, தபரான்னு இன்னும் நட்சத்திரப் பேரா அடுக்குவார், அவர் வாப்பா காலத்துல ஃபலஜ் (பாசன வாய்க்கால்) தண்ணி முறையே ராத்திரில நட்சத்திரம் பாத்துதான் பிரிப்பாங்களாம். இத ரூம்ல வந்து சொன்னேன், ரூம்மேட் ஒருத்தர் சட்டுனு "இது ஷிர்க் (அல்லாஹ்வுக்கு இணை வைக்குறது), ஹதீஸே (நபிமொழி) இருக்கு, அவர்கிட்ட இனிமே பேச்சு குடுக்காத"ன்னுட்டார். முஸ்லிம்கள்தான் வானியலை வளர்த்தாங்கன்னு ஸ்டேட்டஸ் போடுறதும் அதே ரூம்மேட்தான். அந்தக் காலத்து அறிஞர்கள் நிஜமா என்ன சொன்னாங்க? ஊர்ல பத்தாவது படிக்குற என் பையனுக்கு வானத்து மேல ரொம்ப ஆசை, அவன்கிட்ட நான் என்ன சொல்றது?

பதில்: வ அலைக்கும் ஸலாம் தம்பி. முதல்லயே சொல்லிடுறேன், நான் ஆலிம் கிடையாது, அரபு வானியலோட வரலாறு பாடம் எடுக்குறவன், அதனால ஃபத்வா என்கிட்ட கிடைக்காது, அதுக்கு உங்க ஊர் ஹஜ்ரத்கிட்ட போங்க. ஆனா ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி யார் எதை ஏத்துக்கிட்டாங்க, யார் யாரோட மல்லுக்கு நின்னாங்கங்கிறது என் பொழப்பு, அத சொல்றேன்.

உங்க ரூம்மேட் சொன்ன ஹதீஸ் உள்ளதுதான், புகாரி, முஸ்லிம்ங்கிற ஹதீஸ் தொகுப்பு ரெண்டுலயும் இருக்கு. ஹிஜ்ரி 6, அதாவது 628ல, ஹுதைபிய்யாவுல தங்கியிருந்தப்ப ராத்திரி மழை பெஞ்சிருக்கு, சுபுஹு தொழுகை முடிச்சதும் நபி (ஸல்) திரும்பி உக்காந்து, உங்க ரப் என்ன சொன்னான் தெரியுமான்னு கேட்டு சொன்னாங்க, அல்லாஹ்வோட அருளால மழை பெஞ்சுதுன்னு சொன்னவன் என்னை நம்பி நட்சத்திரத்தை மறுத்தவன், இன்ன நவ்வால மழை பெஞ்சுதுன்னு சொன்னவன் என்னை மறுத்து நட்சத்திரத்தை நம்பினவன், அப்படின்னு. இது வரைக்கும் ரூம்மேட் சரி. ஆனா ஹதீஸைப் படிச்ச இமாம்கள் அதுக்கு அப்புறம் என்ன பேசினாங்கங்கிறது அவர் பாத்த வீடியோல வந்திருக்காது போல.

மொதல்ல இந்த நவ்வுன்னா என்னன்னு பாத்துடுவோம், ஏன்னா அது தெரியாம இந்த சண்டையே புரியாது. அரபு நாட்டுல இஸ்லாத்துக்கு முன்னாடில இருந்தே, விடியக்காலைல சூரியன் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி மேற்குல எந்த நட்சத்திரம் மறையுது, அதே நேரம் கிழக்குல எது புதுசா எட்டிப் பாக்குதுன்னு கவனிக்குற பழக்கம் இருந்துச்சு. அப்படி மறையுற நட்சத்திரம்தான் நவ்வு, பன்மைல அன்வா. பின்னால இத சந்திரன் தங்குற 28 வீட்டோட சேர்த்து ஒரு காலண்டர் ஆக்கிட்டாங்க, ஒரு வீட்டுக்கு 13 நாள், 28ஐ 13ஆல பெருக்குனா 364, ஒரு நாள் இடிக்கும், அத ஜப்ஹாங்கிற வீட்டுக்குக் குடுத்து அதை மட்டும் 14 நாள் ஆக்கி 365ஐ சரி பண்ணிட்டாங்க. இந்த ஜப்ஹா வேற ஒண்ணும் இல்ல, நம்ம ஊர் மகம். உங்க பெரியவர் சொல்ற துரையா நம்ம கார்த்திகை, தபரான் நம்ம ரோகிணி, அந்த சுஹைல் நம்ம அகத்தியர் நட்சத்திரம். மேய்ச்சலுக்கு எப்ப கெளம்பணும், எப்ப விதைக்கணும், எப்ப மழையை எதிர்பாக்கணும்னு எல்லாம் இதுல இருந்துச்சு. ஹிஜ்ரி மாசம் சந்திரனோட போறதால பருவத்தோட ஒட்டாது, ரமலான் ஒரு வருஷம் வெயில்ல வரும், இன்னொரு வருஷம் குளிர்ல வரும், அதனால விவசாயிக்கும் ஆட்டுக்காரனுக்கும் இந்த நட்சத்திரக் காலண்டர் இல்லாம ஆகாது, இஸ்லாம் வந்த பிறகும் அந்தத் தேவை அப்படியேதான் இருந்துச்சு.

பிரச்சனை எங்க வந்துச்சுன்னா, இந்த நட்சத்திரம் மறையும்போது மழை வரும்ங்கிறது ஒண்ணு, இந்த நட்சத்திரம்தான் மழையைக் குடுக்குதுங்கிறது வேற. இமாம் ஷாஃபிஈ (767–820) தன் உம்மு கிதாப்ல இதைத்தான் எடுத்துப் பேசுறார். நட்சத்திரம் மழை பெய்ய வச்சுதுன்னு பழைய ஆளுங்க நம்பின மாதிரி நம்பிச் சொன்னா அது குஃப்ர் (இறைமறுப்பு), இன்ன மாசத்துல மழை பெஞ்சுதுன்னு சொல்ற மாதிரி இன்ன நவ்வு நேரத்துல பெஞ்சுதுன்னு நேரத்தை வச்சுச் சொன்னா குஃப்ர் இல்ல, ஆனாலும் வேற மாதிரி பேசுறதுதான் எனக்குப் பிடிக்கும், அப்படிங்கிறார். நானூறு வருஷம் கழிச்சு இமாம் நவவீ முஸ்லிம் விரிவுரைலயும் கிட்டத்தட்ட இதையேதான் எழுதுறார், அடையாளமா நெனச்சுச் சொன்னா குஃப்ர் ஆகாது, ஆனா பழைய காலத்து வாடை அடிக்குற பேச்சுங்கிறதால தவிர்க்குறது நல்லதுன்னு. அதாவது ரெண்டு இமாமும் நட்சத்திரத்தைப் பாக்காதன்னு சொல்லல, வாக்கியத்தைப் பாத்துப் பேசுன்னு சொன்னாங்க.

இன்னும் நேரடியா வேணும்னா புகாரிலயே இருக்கு. ஜைத் இப்னு தாபித் (ரலி), குர்ஆனைத் தொகுத்தாரே அவர்தான், மதீனாவுல தன் தோட்டத்துப் பழத்தை துரையா உதிக்குற வரைக்கும் விக்க மாட்டாராம், அப்பதான் எது மஞ்சள் எது சிவப்புன்னு நிறம் பிரிஞ்சு தெரியும், பழம் கெட்டுப் போகுமா தேறுமான்னு உறுதி ஆகும். சஹாபி, அதாவது நபித்தோழர் ஒருத்தர் கார்த்திகையைப் பாத்து வியாபாரம் பண்ணியிருக்கார் தம்பி, உங்க ஓமானி பெரியவர் சுஹைலைப் பாத்து ஏசியை எப்ப ஆஃப் பண்ணலாம்னு யோசிக்குறார், ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியல.

இப்ப ஸ்டேட்டஸ் விஷயத்துக்கு வருவோம், அந்தப் பெரிய வானியல் அறிஞர்கள் எல்லாம் இந்த நாட்டுப்புற நட்சத்திர அறிவை எப்படிப் பாத்தாங்க? இங்கதான் எனக்குப் பிடிச்ச சண்டைகள் இருக்கு. 9ஆம் நூற்றாண்டுல இப்னு குதைபா (828–889) அன்வா பத்தி ஒரு புத்தகம் எழுதுறார். அவர் மொழி அறிஞர், பழைய கவிதை, பழமொழி எல்லாம் கரைச்சுக் குடிச்சவர், அவரோட வாதம், வானத்தை உலகத்துலயே நல்லா அறிஞ்சவங்க அரபுக்காரங்கதான், கிரேக்கத் தத்துவம், கணக்குன்னு பேசுறவங்களோட அறிவை விட கண்ணால பாத்து அனுபவத்துல தேறின இந்த அறிவுதான் தரையிலயும் கடல்லயும் பயணம் போறவனுக்கு உதவும்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கி.பி. 1000 வாக்குல, இன்னும் முப்பது வயசு கூட ஆகாத அல்-பிரூனி (பிறப்பு 973, ஊர் மத்திய ஆசியாவுல குவாரிஸ்ம்) தன் காலக்கணக்கு புத்தகத்துல இவரைப் பிடிச்சு வாரு வாருன்னு வாரிட்டார். இவர் நிஜமாவே தெரியாம எழுதுறாரா, தெரியாத மாதிரி நடிக்குறாரான்னு எனக்குப் புரியல, எந்த ஊர் விவசாயியைக் கேட்டாலும் எப்ப எந்த வேலையை ஆரம்பிக்கணும்னு நட்சத்திரத்தை வச்சு சொல்லுவானே, வானமே கூரையா இருக்குறவன், தலைக்கு மேல அதே நட்சத்திரங்கள் அதே பாதைல உதிச்சு மறையுறதைப் பாத்துட்டே இருக்குறவன், அதை வச்சுத்தானே நேரம் குறிப்பான், இதுல அரபுக்காரனுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல், அப்படிங்கிற மாதிரி போகுது. கவனிங்க, பிரூனி நாட்டுப்புற அறிவு பொய்னு சொல்லல, அது எல்லா ஜனத்துக்கும் பொதுன்னு சொல்றார். இந்தப் பெருமை வியாதி அன்னிக்கும் இருந்துச்சு, இன்னிக்கு வாட்ஸப்ல வேற ரூபத்துல வருது, அவ்வளவுதான். அதே பிரூனி பின்னால இந்தியா பத்தி எழுதின புத்தகத்துல அகத்தியரும் சுஹைலும் ஒரே நட்சத்திரம்னும் சொல்றார், நம்ம ஆளுங்களோட 27 நட்சத்திரத்தையும் அரபு 28 வீட்டையும் பக்கத்துல வச்சுப் பாக்குறார்.

இன்னொரு சண்டை இன்னும் சுவாரசியம். அபூ ஹனீஃபா அத்தீனவரின்னு ஒருத்தர் (ஃபிக்ஹ், அதாவது மார்க்கச் சட்ட இமாம் அபூ ஹனீஃபா இல்ல, இவர் தாவரங்கள் பத்தி எழுதி பேர் வாங்கினவர், 9ஆம் நூற்றாண்டு), அவரும் அன்வா பத்தி பெரிய புத்தகம் போட்டார். அடுத்த நூற்றாண்டுல அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி (903–986), 964 வாக்குல எழுதின நட்சத்திரக் கூட்டங்கள் புத்தகத்தோட முன்னுரைல சொல்றார், நான் ஹிஜ்ரி 335ல அவர் ஊரான தீனவருக்குப் போயிருந்தேன், கூடப் போன அமைச்சர் அந்த அபூ ஹனீஃபாவோட அறையிலதான் தங்கினார், இந்த மாடிலதான் மனுஷன் பல வருஷம் நட்சத்திரம் பாத்தார்னு ஊர்ப் பெரியவங்க சொன்னதா அமைச்சர் சொல்லக் கேட்டேன், அதனால பெரிய ஆள்னு நெனச்சேன், புத்தகத்தைப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது, எல்லாருக்கும் தெரிஞ்ச பளிச்சு நட்சத்திரத்தையும் பழைய அன்வா புத்தகங்கள்ல இருக்குறதையும்தான் எழுதியிருக்கார், வானத்தைத் தானா சரியா பாக்கலன்னு. அப்ப ஸூஃபியோட புகார் மார்க்கம் சம்பந்தப்பட்டது கிடையாது, நீ பாத்தியா, இல்ல கேட்டதை எழுதினியா, அவ்வளவுதான் கேள்வி. ஆனா இதே ஸூஃபி நாட்டுப்புறப் பேர்களைத் தூக்கிப் போடல, பழைய கிரேக்க வானியலாளர் டாலமியோட 48 கூட்டத்தையும் ஒவ்வொண்ணா எடுத்து, இதுக்கு அரபுக்காரங்க என்ன பேர் சொல்றாங்க, எந்த நட்சத்திரத்தைச் சொல்றாங்கன்னு கூடவே எழுதிட்டுப் போறார், நட்சத்திரம் எவ்வளவு பளிச்சுன்னு இருக்குன்னு தன் கண்ணால மறுபடி பாத்துத் திருத்துறார், ஆண்ட்ரோமீடா பக்கத்துல ஒரு சின்ன மேகம் மாதிரி தெரியுதுன்னும் குறிச்சு வச்சிருக்கார், அது ஒரு தனி கேலக்ஸின்னு நமக்குத் தெரிய வந்தது போன நூற்றாண்டுலதான்.

ரூம்மேட் மாதிரி ஆளுங்க பொதுவா மூணு விஷயத்தை ஒரே மூட்டையா கட்டிடுறாங்க, கணக்கு போடுற வானியல், ஜனங்களோட நட்சத்திரக் காலண்டர், அப்புறம் ஜோசியம். அறிஞர்கள் அடிச்சது பெரும்பாலும் மூணாவதை. அதுக்காக அந்தக் காலத்துல ஜோசியமே இல்லன்னு ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க, கலீஃபா மன்சூர் 762ல பாக்தாத் நகரத்துக்கு அஸ்திவாரம் போட்டப்ப நேரம் குறிச்சுக் குடுத்ததே ஜோசியக்காரங்கதான், அரண்மனைல அவங்களுக்கு நல்ல சம்பளம், அந்த சம்பளத்துல வாழ்ந்தவங்கள்ல நல்ல கணக்கர்களும் இருந்தாங்க. எதிர்த்தவங்கள்ல இப்னு சீனாவும் உண்டு, ஜோசியத்தை மறுத்து தனியாவே எழுதியிருக்கார், பின்னால இப்னு தைமிய்யா, இப்னுல் கய்யிம், இப்னு கல்தூன்னு நீளமான வரிசை.

கஸ்ஸாலி (1058–1111) சொன்னது மட்டும் உங்க ரூம்மேட்டுக்கு அப்படியே ஃபார்வர்ட் பண்ணலாம். தத்துவவாதிகளை எதிர்த்து எழுதின தஹாஃபுத் புத்தகத்தோட ஆரம்பத்துலயே சொல்லிடுறார், சந்திர கிரகணம்னா பூமி நடுவுல வர்றது, சூரிய கிரகணம்னா சந்திரன் நடுவுல வர்றது, இதெல்லாம் கணக்கால நிரூபிச்சது, சந்தேகத்துக்கு இடமே இல்ல, இத மறுக்குறது மார்க்கக் கடமைன்னு எவன் நெனைக்குறானோ அவன் மார்க்கத்துக்குத்தான் கெடுதல் பண்றான், எதிரியால வர்ற சேதத்தை விட இந்த மாதிரி உதவுறவனால வர்ற சேதம் பெருசுன்னு. கிரகணத்தைப் பத்தின ஹதீஸ் இதுக்கு முன்னாடியே வழி போட்டுக் குடுத்துருச்சு, 632 ஜனவரில நபியோட மகன் இப்ராஹீம் இறந்த அன்னிக்கு சூரிய கிரகணம் வந்தப்ப ஜனங்க அதையும் இதையும் முடிச்சுப் போட, எவர் இறந்தாலும் பிறந்தாலும் அதுக்காக கிரகணம் பிடிக்காதுன்னு நபியே சொன்னாங்க. அதே கஸ்ஸாலி ஜோசியத்தை மட்டும் வேண்டாங்கிறார், ஊகம்தான் அது, பாமர ஜனத்தோட மனசு நட்சத்திரத்துல போய் மாட்டிக்கும், தெரிஞ்சும் ஒரு பிரயோஜனமும் இல்லன்னு காரணம் சொல்லி.

நாட்டுப்புற அறிவும் கணக்கும் நிஜமா முட்டிக்கிட்ட இடம் ஒண்ணு இருக்கு, அது கிப்லா, தொழுகைக்கு நிக்குற திசை. கஅபாவோட நீளவாட்டு அச்சு சுஹைல் உதிக்குற திசையைப் பாத்து இருக்குன்னு இடைக்கால அரபு நூல்கள்லயே எழுதியிருக்கு, இந்தக் காலத்துல அளந்து பாத்தப்பவும் கிட்டத்தட்ட அப்படித்தான் வந்துச்சு. அதனால ஒவ்வொரு ஊருக்கும் இந்த நட்சத்திரம் உதிக்குற பக்கம், அந்தக் காத்து வீசுற பக்கம்னு கிப்லா சொல்லிக் குடுக்குற முறை ஃபிக்ஹ் ஆளுங்க நடுவுல ரொம்ப நாள் ஓடுச்சு. எகிப்துல சஹாபாக்கள் பள்ளிவாசல் கட்டினப்ப குளிர்காலத்துல சூரியன் உதிக்குற பக்கத்தைக் கிப்லாவா வச்சாங்க, அது கிழக்குல இருந்து தெற்கால 27 டிகிரி. பின்னால வானியல் அறிஞர்கள் கணக்கு போட்டு இல்லப்பா, 37 டிகிரின்னாங்க. ரெண்டுமே கெய்ரோல இருந்துச்சு, யாரும் யாரையும் மார்க்கத்தை விட்டு வெளியேத்தல. சமர்கந்துல இன்னும் மோசம், ஹனஃபிகள் மேற்கைப் பாத்து, ஷாஃபிஈகள் தெற்கைப் பாத்து. (பிறை விஷயமும் இப்படித்தானேன்னு நீங்க கேக்குறது காதுல விழுது, அந்த வம்புக்குள்ள நான் வரல.) 13ஆம் நூற்றாண்டுல இருந்து பெரிய பள்ளிவாசல்கள்ல முவக்கித்னு நேரம் கணிக்க ஒரு வானியல் ஆளையே சம்பளத்துக்கு வச்சாங்க, டமாஸ்கஸ் உமையாத் பள்ளில அந்த வேலை பாத்த இப்னு அஷ்ஷாதிர் (1304–1375) கிரகங்களோட ஓட்டத்துக்குப் புது மாதிரி போட்டவர். யமன்ல ஒரு சுல்தானே, அல்-அஷ்ரஃப் உமர்னு பேர், விவசாயிகளோட நட்சத்திரக் காலண்டரையும் எழுதினார், அஸ்ட்ரோலேப்னு நட்சத்திர உயரம் அளக்குற கருவியும் செஞ்சார், அவர் பேர் போட்ட 1291ஆம் வருஷத்து அஸ்ட்ரோலேப் நியூயார்க் மியூசியத்துல இருக்கு. ஒரே மனுஷன் ரெண்டையும் பண்ணியிருக்கார், அவருக்கு அதுல எந்தச் சங்கடமும் இருந்ததா தெரியல.

சரி, சுஹைல் வந்தா சூடு குறையுமா? குறையும், ஆனா சுஹைலால இல்ல. ஆகஸ்ட் கடைசில பகல் சுருங்குது, சூரியன் தெற்கால இறங்குது, ராத்திரி கொஞ்சம் ஆறுது, அந்த நேரத்துல சுஹைல் விடியக்காலைல தலை காட்டுது. வளைகுடா முழுக்க முத்துக் குளிச்சவங்களும் விவசாயிகளும் சுஹைல் உதிச்ச நாள்ல இருந்து பத்துப் பத்து நாளா எண்ணிப் போற துரூர் கணக்கும் இதுல இருந்துதான். நட்சத்திரம் காரணம் இல்லங்கிறதுக்கு வானத்துலயே ஆதாரம் இருக்கு, பூமியோட அச்சு மெதுவா சுத்துறதால நட்சத்திரங்கள் 72 வருஷத்துக்கு ஒரு டிகிரி நகருது, பத்தானிங்கிற வானியலாளர் காலத்துலயே 66 வருஷத்துக்கு ஒரு டிகிரின்னு கிட்டத்துல வந்துட்டாங்க, ஸூஃபி டாலமியோட பட்டியலை எடுத்து ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் 12 டிகிரி 42 நிமிஷம் கூட்டித்தான் தன் காலத்துக்குப் பொருத்தினார். இதை வச்சுப் பாத்தா ஜைத் (ரலி) பழம் வித்த காலத்துக்கும் இப்பவும் நடுவுல துரையா உதிக்குறது பருவத்தோட சுமார் மூணு வாரம் பிந்திப் போச்சு, பேரீச்சை நட்சத்திரத்துக்காகக் காத்திருந்து பழுக்கல. சுஹைல் ரொம்ப தெற்கால தள்ளி இருக்குறதால அதோட நகர்வு கம்மி, அதனாலதான் அந்தப் பெரியவரோட கணக்கு இன்னும் நல்லாவே ஒத்துப் போகுது.

ரூம்மேட்கிட்ட ஹதீஸை மறுத்துப் பேசாதீங்க, அது தேவையும் இல்ல, ஷாஃபிஈ என்ன சொன்னார்னு மட்டும் கேளுங்க, அவரே தேடிப் படிக்கட்டும். பெரியவர்கிட்ட பேச்சை விடாதீங்க. சுஹைல்தான் சூட்டைக் குறைக்குதா, இல்ல அது வர்ற நேரத்துல அல்லாஹ் குறைக்குறானான்னு கேட்டுப் பாருங்க, என்ன சொல்லுவார்னு உங்களுக்கே தெரியும். ஃபலஜ் தண்ணி முறையையும் கேட்டு எழுதி வைங்க, எந்த நட்சத்திரம் எந்த மலைக்கு மேல வந்தா யாரோட பங்கு, ஒரு அதர் தண்ணின்னா சுமார் அரை மணி நேரம், அது அவங்க ஊர்ல எப்படி எண்ணுவாங்கன்னு. வாட்ச் வந்த பிறகு பல ஊர்ல விட்டுட்டாங்க, அந்தத் தலைமுறை போயிட்டா கேக்க ஆள் இருக்காது.

பையனுக்கு நம்ம ஆளுங்க எல்லாத்தையும் கண்டுபிடிச்சாங்கங்கிற வீடியோவை அனுப்பாதீங்க. கம்ப்யூட்டர் இருந்தா ஸ்டெல்லேரியம்னு இலவச சாஃப்ட்வேர் போடச் சொல்லுங்க, அதுல வானத்தை ஸூஃபியோட படங்களாவும் மாத்திப் பாக்கலாம், அரபு 28 வீடாவும் பாக்கலாம். பிப்ரவரி மாசம் ராத்திரி 9 மணி வாக்குல அவன் வீட்டு மாடில ஏறி தெற்கைப் பாத்தா பளிச்சுன்னு அகத்தியர் நிக்கும், நீங்களும் அன்னிக்கு நிஸ்வாவுல இருந்து அதே சுஹைலைப் பாருங்க. அங்க அது உச்சிக்கு வந்தாலும் 14 டிகிரிக்கு மேல ஏறாது, ஊர்ல 28 டிகிரி வரைக்கும் ஏறும். ஒரே நட்சத்திரம் ஏன் ரெண்டு ஊர்ல ரெண்டு உயரம்னு அவனையே கணக்கு போட்டு உங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்க, பத்தாவது கணக்கே போதும்.